சங்கு ஊதினால் ஏழடி

கொன்றைநல்லூரில் இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் யாரைக் கேட்டாலும் ஆச்சரியப்பட்டதாகச் சொல்ல மாட்டார்கள், சோறு குழைந்து போனது, பள்ளிக்கூட வேன் தாமதமாக வந்தது, வாசலில் போட்ட கோலம் அழிந்தது என்று அவரவர் சங்கடத்தைத்தான் முதலில் சொல்வார்கள். ரவுண்டானாவில் நின்ற இரும்புச் சிலை, சித்திரை மாதத்து முதல் புதன்கிழமை, பேரூராட்சி அலுவலகத்தின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்ததும், தன்னைத் தரையோடு பிடித்திருந்த எட்டு போல்ட்டையும் முறித்துக்கொண்டு ஏழடி நகர்ந்து நின்றது என்பதை, அன்றைக்குத் தூறல் போட்டது என்பதைப் போல நடுவில் ஒரு வார்த்தையாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் குழைந்த சோற்றுக்கே வந்துவிடுவார்கள்.

அந்தச் சிலையைச் செய்தவள் கிளியம்மா. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா விட்டுப்போன சைக்கிள் கடை இருந்தது, வீடு காலனியில் இருந்தது, புருஷன் திருப்பூரில் இருந்தான். ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு முந்தின வாரம் அப்பாவுக்கு வலது கை விளங்காமல் போக, கடையில் போய் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பஞ்சர் ஒட்டினாள், செயின் மாற்றினாள், எல்லாவற்றையும்விட நன்றாக ரிம்முக்குக் கோட்டம் எடுத்தாள். கோட்டம் எடுப்பதென்றால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது எந்த இடத்தில் தலையாட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்துக் கம்பியை முடுக்கவோ தளர்த்தவோ வேண்டும். கோட்டம் போனதும் மற்றவர்கள் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிடுவார்கள், கிளியம்மா நிறுத்த மாட்டாள், அது தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். நிற்பதற்கு முன்னால் ஒவ்வொரு சக்கரமும் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோலக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு நிற்கும் என்பதையும், ஒரு சக்கரம் நிற்கிற மாதிரி இன்னொன்று நிற்பதில்லை என்பதையும் அவள் பதிமூன்று வயதில் கண்டுபிடித்தாள், சொல்வதற்கு ஆள் இல்லாததால் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

பத்தொன்பது வயதில் முதல் சாமானைச் செய்தாள். குடைக்கம்பிகளையும் இரண்டு கரண்டியையும் ஒரு பெடலையும் சேர்த்துக் கட்டிக் கடை வாசலில் தொங்கவிட்டது, பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டால் சுற்றியது. அடுத்தது ஒரு கொக்கு, பஸ் ஹாரன் அடித்தால் மட்டும் தலையைக் குனிந்து தண்ணீர் குடிக்கும். அவள் காகிதத்தில் எதுவும் வரைந்ததில்லை, ஒரு பக்கம் நட்டைக் கட்டுவாள், மறுபக்கம் ஒரு கைப்பிடிச் சிமெண்டை அப்புவாள், விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அது சுற்றுகிற சத்தத்தைக் கேட்பாள், சத்தம் பிடிக்காவிட்டால் மொத்தத்தையும் பிரித்துப் போடுவாள். கும்பகோணத்திலிருந்து வந்த ஓவிய வாத்தியார் ஒருவர் கடைக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, "அம்மா, இதுக்குப் பேரு அசைவுச் சிற்பம். வெளிநாட்டுல இத மியூசியத்துல வச்சிருக்காங்க" என்றார்.

"இங்க கடைக்கு வெளியில வச்சதுக்கே போலீசு எடு எடுங்குதுங்க" என்றாள் கிளியம்மா.

அவளுக்குக் கவலைப்படாமல் இருக்கத் தெரியாது. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பிரேக் பிடிக்கிறதா என்று சரிபார்த்துக் கொடுத்த சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். ஆகையால் பேரூராட்சிச் செயல் அலுவலர், தர்மபுரிப் பக்கத்து இளைஞர், குப்பையில் கலை என்று ஏதோ திட்டம் வந்திருக்கிறது, ரவுண்டானாவில் வைக்க அசைகிற மாதிரிப் பெரிதாக ஒன்று செய்துதர முடியுமா என்று கேட்டபோது, அவள் முடியாது என்பதற்குப் பதினாறு காரணம் சொல்லிவிட்டு மறுநாள் வேலையைத் தொடங்கினாள். பதினோரு மாதம் ஆயிற்று. அடியில் பழைய நெல் மிஷினின் நாலு இரும்புச் சக்கரம், அதன்மேல் நாற்பத்தியேழு சைக்கிள் ரிம், பம்புசெட்டு விசிறி, உடைந்த குத்துவிளக்கு, எவர்சில்வர் தட்டு, இரண்டு ஆள் உயரம். காற்றடித்தால் மேலே உள்ளதெல்லாம் ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் சுற்றும், தூரத்திலிருந்து பார்த்தால் தலையில் சுமையோடு ஒரு பொம்பளை அவசரமாக எங்கேயோ கிளம்புவதுபோல இருக்கும். திறப்பு விழாவில் கல்வெட்டு வைத்தார்கள், தலைவர் பெயரும் துணைத்தலைவர் பெயரும் கோயில் தர்மகர்த்தா பெயரும் சிமெண்ட் கொடுத்த கடையின் பெயரும் அதில் இருந்தன.

"உன் பேரு எங்கண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார் தெய்வானை. பஸ் ஸ்டாண்டு வாசலில் தையல் மிஷின் போட்டிருப்பவள், யாருக்கும் பயப்படாத வாய்.

"எழுத்து கூடிப்போச்சோ என்னவோ" என்றாள் கிளியம்மா.

இரண்டு வருஷம் அது நின்ற இடத்தில் நின்று சுற்றியது. அப்புறம்தான் அந்தப் புதன்கிழமை.

முதல் நாள், குடிகாரன் எவனோ லாரியால் இடித்துவிட்டான் என்றார்கள். இரண்டாம் நாள் சங்கு ஊதியதும் ஊரே பார்த்திருக்க அது இன்னொரு ஏழடி கிழக்கே நகர்ந்தது, காற்று இல்லை, பின்னால் தள்ளுவதற்கு ஆள் இல்லை, சக்கரம் உருண்ட சத்தம் அரிசி களைகிற சத்தம்போல இருந்தது. மூன்றாம் நாள் இளநீர்க்காரர் தன் வண்டியை முன்னதாகவே ஒதுக்கி வைத்தார். பத்து நாளில் ஊர் பழகிவிட்டது. பதினொன்றே முக்காலுக்குப் பிள்ளைகள் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள், டவுன் பஸ் டிரைவர் இறங்கி வெற்றிலை போட்டுக்கொண்டார், பெண்கள் அது நிற்கிற நிழலில் வடகம் காயவைக்கக் கூடாது என்றும் அது போன தடத்தில் காயவைத்தால் ஒரே நாளில் காய்கிறது என்றும் கண்டுபிடித்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் சிலைக்கு எதிரில் என்று இடம் போட்டவர்கள், முகூர்த்தத் தேதிக்கு அது எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு அச்சடிக்க வேண்டியிருந்தது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சப்-இன்ஸ்பெக்டர் வழக்கு எழுதினார், எதிரியின் முகவரி என்ற இடத்தில் தினமும் அடித்து அடித்து எழுதியதில் காகிதம் கிழிந்து வழக்கு நின்றுபோனது. ஏன் நகர்கிறது என்று கேட்டவர்கள் முதல் வாரத்தோடு ஓய்ந்தார்கள், எங்கே போகிறது என்பதுதான் எல்லோருக்கும் கேள்வியாக இருந்தது.

கிளியம்மா ஒருத்தி மட்டும்தான் பழகவில்லை. தினமும் பதினொன்றரைக்குக் கடையைப் பாதிக் கதவு சாத்திவிட்டு, எண்ணெய்க் குப்பியோடு ஓடி, நாலு அச்சுக்கும் எண்ணெய் விட்டு, முன்னால் குழந்தைகள் நிற்கிறார்களா என்று பார்த்து, நாய் படுத்திருந்தால் விரட்டி, நகர்ந்து முடிந்ததும் உடம்பெல்லாம் வியர்த்துத் திரும்புவாள். யார் மேலாவது ஏறிவிட்டால் என்ன செய்வது, எவர் வீட்டுச் சுவராவது இடிந்தால் யார் கட்டிக் கொடுப்பது, தன்னைப் பிடித்துக்கொண்டு போனால் அடுப்பில் வைத்த பாலை யார் இறக்குவது. "பெத்த புள்ள முதல் தடவ நடந்தா சந்தோசப்படுவாங்க, நீ என்னா அண்ணி பேதி கண்டவ மாதிரி நிக்கிற?" என்றாள் தெய்வானை.

"நடக்கிற வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல. இது ரெண்டு வருசம் நின்னுட்டு இப்ப நடக்குது."

ஆனி மாதம் அது தெற்கு வீதிக்குள் நுழைந்தது. கொன்றைநல்லூரில் கோயிலைச் சுற்றி நாலு தேரோடும் வீதிகள், தேர் கிழக்கு வீதியில் கிளம்பித் தெற்கு, மேற்கு, வடக்கு என்று எப்போதும் வலது கைப் பக்கமே திரும்பி நிலைக்கு வந்து சேரும். அந்த நாலு வீதியைத் தவிர வேறு எந்தத் தெருவிலும் தேரின் நிழல்கூட விழுந்ததில்லை. சிலை தங்கள் வீதிக்கு வந்ததும் தெற்கு வீதிக்காரர்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. பந்தல் போட்டார்கள், நீர்மோர் கொடுத்தார்கள், தர்மகர்த்தா ரத்தினசபாபதி ஆளுயர மாலையைக் கொண்டுவந்து தம் கையால் குத்துவிளக்கின்மேல் சாத்தி, "அம்பாளே வீதி பாக்க வந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அதற்குக் கற்பூரம் காட்டினார்கள். கற்பூரம் காட்டுகிற நேரத்தில் எண்ணெய்க் குப்பியோடு வந்த கிளியம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், அவளும் தள்ளி நின்றாள், எண்ணெய் விடாமல் உருண்டதில் இடது முன் அச்சு கிறீச்சிட்ட சத்தத்தை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை, இரவு சோறு இறங்கவில்லை.

ஆடி முழுவதும் அது தெற்கு வீதியில் கிழக்கே போனது. தேர் போகிற திசைக்கு நேர் எதிர் என்று குருக்கள்தான் முதலில் சொன்னார். போகட்டும், அம்பாள் இஷ்டம் என்றார்கள். ஆவணி பிறந்து, வீதி முடிகிற முனைக்கு நாற்பத்திரண்டு அடி பாக்கி இருக்கும்போது, தர்மகர்த்தா வெயிலில் நின்று அந்த முனையைப் பார்த்தார். நேரே போனால் குளத்து மதில். இடது கைப் பக்கம் திரும்பினால் கிழக்கு வீதி. வலது கைப் பக்கம் திரும்பினால் காலனித் தெரு. சிலையின் மேலே நாற்பத்தியேழு ரிம்மும் காற்றில்லாமலே லேசாக வலது பக்கம் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்தன.

காலனியிலும் அதைப் பார்த்திருந்தார்கள். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தெருவில் கிடந்த மணல் குவியலை யாரோ அள்ளிவிட்டார்கள், நீட்டிக்கொண்டிருந்த தகரத் தாழ்வாரங்களைப் பத்து வீட்டுக்காரர்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமை கழற்றி உள்ளே வைத்தார்கள். கிளியம்மா வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தாள்.

"எதுக்குத் தகரத்தக் கழட்டுறீங்க? அது அந்தாண்ட திரும்பிடும். ஆசைய வச்சிக்காதீங்க, வம்பு வரும்."

"எங்க ஊட்டுத் தகரம், நாங்க கழட்டுறோம்" என்றாள் தெய்வானை, ஏணியின் மேலிருந்து. "நீ செஞ்சது இங்க வர்றதுக்கு நீயே பயந்தா, அப்புறம் எதுக்கு அதுக்குச் சக்கரம் வச்ச?"

கிளியம்மா மனசுக்குள் அது இடது பக்கமே திரும்பிவிட வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளைச் சிலையடிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. பந்தலுக்குக் கீழே தர்மகர்த்தா நாற்காலியில் இருந்தார், செயல் அலுவலர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார், மூன்று சக்கர வண்டியில் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு வந்த கேஸ் கட்டர்காரன் ஓரமாகப் பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏ கிளியம்மா, இத நிறுத்து" என்றார் தர்மகர்த்தா.

"எப்புடிங்கய்யா?"

"நீதான செஞ்ச? நிறுத்துறதுக்குன்னு உள்ள ஒண்ணு வச்சிருப்பேல்ல, அதப் புடுங்கு. இல்லாட்டி இடது பக்கமா திருப்பிவுடு. ரெண்டும் ஆவலன்னா இந்தாளு முனையில வச்சித் துண்டு துண்டா வெட்டிடுவான்."

உள்ளே எதையாவது பிடுங்கினால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும், எந்தச் சக்கரத்தையும் நிறுத்தத் தெரியாமல் முப்பத்தைந்து வருஷம் கடை நடத்த முடியாது. வெட்டுவதைவிட நிறுத்துவது மேல் என்று நினைத்து, ஸ்பேனரை எடுக்க இடுப்பில் கையை வைத்தும் விட்டாள். அந்த நேரம் பார்த்துத் தர்மகர்த்தா செயல் அலுவலர் பக்கம் திரும்பி, அவள் அங்கே இல்லாததுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "இன்னிக்கு இத உள்ள வுட்டோம்னு வைங்க சார், நாளைக்குத் தேரும் எங்க தெருவுக்கு வரணும்பானுங்க. அப்புறம் வழக்கம்னு ஒண்ணு எதுக்கு?"

கிளியம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். சிலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பதினோரு மாதம் ஒவ்வொரு ரிம்மாகக் கோட்டம் எடுத்து, ஒன்றையும் கையால் பிடித்து நிறுத்தாமல், தானாக நிற்கும்வரை காத்திருந்து காத்திருந்து ஏற்றியது.

"நிறுத்துறதுக்குன்னு நான் ஒண்ணும் வைக்கலீங்க" என்றாள்.

"என்னா சொன்ன?"

"சாரு செய்யச் சொன்னப்ப அசையணும்னுதான் கேட்டாரு. பிரேக்கு வேணும்னு யாரும் கேக்கல. நான் வைக்கல."

"கொழுப்பா?"

"கவலைங்கய்யா. எனக்கு எப்பவும் கவலைதான். இப்ப நின்னுபோச்சுன்னா என்னா பண்றதுன்னு கவலையா இருக்கு."

சொன்னதோடு நிற்காமல் எண்ணெய்க் குப்பியைத் திறந்து, யாரும் தள்ளி நிற்கச் சொல்வதற்கு முன்னால் போய், இரண்டு மாதமாகக் கிறீச்சிட்ட இடது முன் அச்சுக்கு வழிய வழிய எண்ணெய் விட்டாள்.

அம்பாள் என்று மாலை போட்டதை உடனே வெட்டுவதா என்று தெற்கு வீதிப் பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆகவே முதலில் முட்டுக்கட்டை போட்டுத் திருப்பிப் பார்ப்பது, திரும்பாவிட்டால் வெட்டுவது என்று முடிவாயிற்று. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற உத்திராபதியைக் கூப்பிட்டார்கள். அவரும் அவருடைய நாலு ஆட்களும் ஓடுகிற தேருக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே சரியான நொடியில் சக்கரத்துக்குக் கீழே கட்டையைச் சொருகித் தேரைத் திருப்புகிறவர்கள், வலது சக்கரத்தைப் பிடித்தால் தேர் வலது பக்கம் திரும்பும், இடது சக்கரத்தைப் பிடித்தால் இடது பக்கம். உத்திராபதியின் அப்பா இதைச் செய்தார், தாத்தாவும் இதையே செய்தார்.

நாற்பத்திரண்டு அடியும் முடிகிற ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. ஊர் முழுக்க முனையில் கூடியது, நாலு வீதிக்காரர்கள் குளத்து மதிலில் ஏறி உட்கார்ந்தார்கள், காலனிக்காரர்கள் தங்கள் தெருவின் வாயில், ஒரு அடிகூட வெளியே வராமல், கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார்கள். கேஸ் கட்டர்காரன் நெருப்பைப் பற்றவைத்துத் தயாராக இருந்தான். கிளியம்மா சிலைக்கும் நெருப்புக்கும் நடுவில் நின்றாள், யாரும் நிற்கச் சொல்லவில்லை, நகரச் சொன்னவர்களின் பேச்சு காதில் விழவில்லை.

"உத்திராபதி, இடது! இடது பக்கம், ஞாபகம் இருக்கட்டும்" என்றார் தர்மகர்த்தா.

"இருக்குங்க" என்றார் உத்திராபதி.

சங்கு ஊதியது. சிலை புறப்பட்டது. அரிசி களைகிற சத்தம் எழுந்தது, நாற்பத்தியேழு ரிம்மும் வெயிலைச் சிதறடித்தன, உத்திராபதி கட்டையோடு பாய்ந்தார், அவருடைய நாலு ஆட்களும் பாய்ந்தார்கள், பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் ஹோவென்று கத்தினார்கள், ஐந்து பேரின் கைகளும் நாற்பது வருஷமாகவும் அதற்கு முன்னால் அவர்களுடைய அப்பன் பாட்டன் காலமாகவும் எந்தச் சக்கரத்தைத் தேடிப் போயினவோ அந்தச் சக்கரத்தையே தேடிப்போய், வலது சக்கரத்துக்குக் கீழே கட்டையை நச்சென்று சொருகின. சிலை ஒரு நொடி நின்று, இடது சக்கரங்கள் மட்டும் உருள, பாவாடையைச் சுழற்றிக்கொண்டு திரும்புகிற பெண்ணைப்போல வலது பக்கமாகத் திரும்பி, முன் சக்கரம் இரண்டும் காலனித் தெருவுக்குள்ளும் பின் சக்கரம் இரண்டும் தெற்கு வீதியிலுமாக ஏழடி முடிந்து நின்றது.

உத்திராபதி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னாய்யா பண்ணி வச்ச?" என்று கத்தினார் தர்மகர்த்தா.

"தெரியலீங்க. இந்தக் கைக்கு அந்தப் பக்கம் திருப்பிப் பழக்கமே இல்லையேங்க."

"பின்னால இழு!"

"பின்னாலயா?" உத்திராபதிக்கு முகம் மாறிவிட்டது. "மாலை சாத்திக் கற்பூரம் காட்டினத எந்தக் காலத்துல பின்னால இழுத்திருக்கோம்? ஊருக்கு ஆவாதுங்க. நான் தொட மாட்டேன்."

தர்மகர்த்தா கேஸ் கட்டர்காரனைப் பார்த்தார். அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், அவனுக்கு எந்த வழக்கமும் இல்லை, ஆனால் மதிலில் இருந்த தெற்கு வீதிப் பெண்கள் இறங்கி வந்து, பாதித் தெருவில் அம்பாளை வெட்டிப் போட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது என்று அவரைத்தான் கேட்டார்கள். உள்ளே போனது உள்ளேயே போய், அந்தப் பக்கம் வெளியே வந்து, ஏதாவது ஒரு நிலைக்கு வந்து சேர்ந்தால்தான் ஊருக்கு நல்லது என்றார் குருக்கள். கட்டர்காரன் நெருப்பை அணைத்தான்.

"சரி, போய்த் தொலையட்டும்" என்றார் தர்மகர்த்தா. "இந்தத் தெரு எங்க போயி வெளில வருது?"

செயல் அலுவலர் கைப்பையிலிருந்து பேரூராட்சி வரைபடத்தை எடுத்து விரித்தார். நாலு வீதியும் அதில் வீட்டு எண்ணோடு இருந்தன, காலனித் தெரு முனையில் தொடங்கி விரல் நீளம் போய் அப்படியே நின்றது, அதற்கு அப்புறம் வெள்ளைக் காகிதம். அவர் குருக்களைப் பார்த்தார், குருக்கள் உத்திராபதியைப் பார்த்தார், உத்திராபதி தரையைப் பார்த்தார். அந்த ஊரில் பிறந்து அறுபது எழுபது வருஷம் இருந்த அத்தனை பேர் நின்றார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் தர்மகர்த்தா, கேட்க வேண்டியவளைத் தவிர எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"கிளியம்மா, இது எங்கம்மா போவுது?"

அவளிடம் பேசும்போது அவர் அம்மா போட்டது அதுதான் முதல் தடவை, அவளும் கவனித்தாள், தெருவாயில் நின்ற தெய்வானையும் கவனித்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். கிளியம்மா எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தாள்.

"வாயால சொன்னா வெளங்காதுங்க. உள்ள வந்து பாருங்க" என்றாள். "செருப்பக் கழட்ட வேணாம். எங்க தெருவுல அந்த வழக்கம் கெடையாது."

அவர் வருகிறாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு ஆயிரம் கவலை, நாளைக்குச் சங்கு ஊதுவதற்குள் மூன்றாவது வீட்டுக்கு முன்னால் தாழ்வாகத் தொங்குகிற கரண்டுக் கம்பியைத் தூக்கிக் கட்டியாக வேண்டும்.